திறக்க முடியாத லெப்டொப்பை நம் பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள்

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் உங்கள் பணத்தோடும் உங்கள் பிள்ளையின் படிப்போடும் சம்பந்தப்பட்டது. முழுவதையும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு லெப்டொப் வாங்கிக் கொடுப்பது இப்போது பல ஊர்களில் நல்ல வழக்கமாகிவிட்டது. பழைய மாணவர் சங்கங்கள் கொடுக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகங்கள் கொடுக்கின்றன. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் நம் சகோதரர்கள் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் நிய்யத்தில் நாம் குறை சொல்லவில்லை. வாங்கிக் கொடுக்கப்படும் பொருளில்தான் நமக்குச் சண்டை.

மெல்லியதாக இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா, மேடையில் கொடுக்கும்போது படத்துக்கு நன்றாக விழுமா என்று பார்க்கிறார்கள். இரண்டு மூன்று வருடங்களில் உள்ளே இருக்கும் டிஸ்க் பழுதானால் அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்கான விலையை, கொடுத்தவர் கட்டுவதில்லை. மூன்றாம் வருடம் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை கட்டுகிறது.

ஆசிரியர்கள் நாங்கள் இதை வருடாவருடம் பார்க்கிறோம். படித்து முடித்துப் போன பிள்ளைகள் பழுதான லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வருகிறார்கள். கடையில் சொல்லப்படும் பதிலும் மனப்பாடமாகிவிட்டது. “தம்பி, இது போர்டோட சேத்து ஒட்டினது. கழட்ட ஏலாது. போர்டையே மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கலாம்.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சில மொடல்களில் உண்மை அதுதான். ஆனால் எல்லா மொடல்களிலும் அதுதான் உண்மை என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோமே, அங்கேதான் மோசடி இருக்கிறது.

ஆகவே முதலில் விடயத்தைப் பிரித்துப் பார்ப்போம். சந்தையில் உள்ள லெப்டொப்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, இலகுவாகத் திறக்கக்கூடியது. அடிப்பக்க மூடியில் சில ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றி மூடியை எடுத்தால் டிஸ்க் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பழைய மொடல்களில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். புதியவற்றில் சூயிங்கம் துண்டு போல ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி. 22 மில்லிமீற்றர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீற்றர் நீளம். அதைப் பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ.

இரண்டாம் வகை, திறக்கக் கஷ்டமானது. ஸ்க்ரூக்களை இறப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளித்துவைத்திருப்பார்கள். ஸ்க்ரூவெல்லாம் கழன்ற பிறகும் மூடி வராது, சுற்றிவர பிளாஸ்டிக் கிளிப்கள் கவ்விப் பிடித்திருக்கும். சிலவற்றில் கீபோர்ட்டை முதலில் தூக்க வேண்டும். அதற்கு அடியில் கடதாசி போல மெல்லிய ரிப்பன் கேபிள் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். கஷ்டம்தான். ஆனால் முடியும். “ஏலாது” என்று திருப்பி அனுப்பப்படும் லெப்டொப்களில் நிறைய இந்த வகைதான்.

மூன்றாம் வகை, உண்மையாகவே மாற்ற முடியாதது. சேமிப்பகம் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். விலை உயர்ந்த சில மெல்லிய மொடல்களும் இதில் அடக்கம், “ஆகக் குறைந்த விலை” என்று விளம்பரப்படுத்தும் ஈ.எம்.எம்.சி மொடல்களும் இதில் அடக்கம். அந்த மலிவு மொடல்கள் சிலவற்றில் 32 ஜிபிதான் இருக்கும். விண்டோஸும் அதன் அப்டேட்டும் சேர்ந்தாலே இடம் முடிந்துவிடும். பெரிய டிஸ்க் போட்டுக்கொள்வோம் என்றால் வழியில்லை.

இப்போது நம் வாதத்துக்கு வருவோம். சேமிப்பகம் என்பது தேய்கிற பொருள். பழைய ஹாட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. அதற்கு மேல் ஊசி ஓடித் திரிகிறது. ஒருநாள் அது நின்றே தீரும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு கலத்திலும் இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு இருக்கிறது. இதை மறைக்கவும் இல்லை. எஸ்.எஸ்.டி விற்கும் கம்பனிகளே எத்தனை டெராபைட் எழுதலாம் என்று விபரப் பட்டியலில் போடுகிறார்கள்.

தேய்கிற பொருளைக் கழற்றக்கூடியதாக வைப்பதுதான் உலக வழக்கம். மோட்டார் சைக்கிளின் டயர் தேயும், மாற்றுகிறோம். திரீவீல்காரர் ஸ்பெயார் வீல் வைத்திருக்கிறார். உம்மம்மாவின் தையல் மெஷினில் பெல்ட் அறுந்தால் புது பெல்ட் போட்டு நம் காலத்திலும் தைக்கிறார்கள். டயரை அச்சோடு வெல்டிங் பண்ணி மோட்டார் சைக்கிள் விற்றால் நாம் வாங்குவோமா? விற்றவனை ஊரில் நடமாட விடுவோமா? லெப்டொப்பில் மட்டும் அதையே செய்துவிட்டு “இது நவீன வடிவமைப்பு” என்கிறார்கள். நாமும் தலையாட்டிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

“மெல்லியதாகச் செய்ய வேண்டும் என்றால் ஒட்டத்தான் வேண்டும்” என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். இதற்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது.

அப்பிள் கம்பனியை எடுங்கள். அவர்களின் பழைய ஐபுக்கில் ஹாட் டிஸ்க்கை மாற்றுவதென்றால் அடி மூடி, மேல் மூடி, உள்ளே இருக்கும் தகடு என்று முழு மெஷினையும் பிரித்துப் போட வேண்டும். 2006இல் அதற்குப் பதிலாக மெக்புக் வந்தது. பெற்றரியைக் கழற்றி, ஒரு சிறு தகட்டின் மூன்று ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் டிஸ்க்கை இழுத்து எடுத்துவிடலாம். எப்படி மாற்றுவது என்று கூடவே வந்த கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஆக, பாவிப்பவர் தானே டிஸ்க் மாற்றும்படி செய்ய அவர்களுக்குத் தெரியும். பிறகு 2012இல் வந்த ரெட்டினா மெக்புக் புரோவில் ரெம் ஒட்டப்பட்டது, பெற்றரி பசை வைத்து ஒட்டப்பட்டது. 2016இல் டச் பார் உடன் வந்ததில் சேமிப்பகமும் போர்டோடு ஒட்டப்பட்டது. தெரியாமல் செய்தது அல்ல. தெரிந்த வழியை விட்டுவிட்டுப் போனது.

மைக்ரோசொஃப்டை எடுங்கள். 2017இல் வந்த சர்ஃபேஸ் லெப்டொப்பைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனம், திருத்தக்கூடிய தன்மைக்குப் பத்துக்குப் பூச்சியம் கொடுத்தது. கீபோர்ட்டைச் சுற்றியிருந்த துணியைக் கிழிக்காமல் உள்ளே போக வழியே இருக்கவில்லை. 2019இல் அதே கம்பனி சர்ஃபேஸ் லெப்டொப் 3ஐக் கொண்டுவந்தது. மேல் பகுதி முழுதாகக் கழன்று வரும். எஸ்.எஸ்.டி ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். அதுவும் மெல்லிய லெப்டொப்தான். இரண்டு வருடத்தில் இயற்பியல் விதி மாறிவிட்டதா? இல்லை. அவர்கள் மனம் வைத்தார்கள், அவ்வளவுதான்.

2021இல் ஃப்ரேம்வர்க் என்ற சிறிய கம்பனி ஒரு படி மேலே போனது. லெப்டொப்போடு ஸ்க்ரூ டிரைவரையும் பெட்டியில் வைத்தே விற்கத் தொடங்கியது. அதே ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. பெரிய கம்பனிகளுக்கு முடியாது என்பது ஒரு சிறிய கம்பனிக்கு எப்படி முடிந்தது?

நியாயமாகவும் பேசுவோம். ரெம் விடயத்தில் சில லெப்டொப்களில் ஒட்டுவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லலாம், குறைந்த மின்சாரத்தில் வேகமாக வேலை செய்யும் வகை ரெம்மை பிரொசெசருக்கு மிகக் கிட்டவே வைக்க வேண்டியிருக்கிறது. சேமிப்பகத்துக்கு அந்த வலுவான காரணம் இல்லை. எம்.2 எஸ்.எஸ்.டி.யின் தடிப்பு சில மில்லிமீற்றர்தான். அந்தச் சில மில்லிமீற்றருக்காக ஒரு முழு லெப்டொப்பின் ஆயுளை அடமானம் வைக்கச் சொல்கிறார்கள்.

“பாதுகாப்புக்காக” என்று இன்னொரு சாட்டு. தரவைக் குறியாக்கம் செய்து பூட்டுவது கழற்றக்கூடிய டிஸ்க்கிலும் நடக்கும். பாதுகாப்பு என்று பேசுபவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, இதைப் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டும்.

லெப்டொப்பின் திரை உடைகிறது. அல்லது சார்ஜ் ஏறவில்லை. கடையில் கொடுக்கிறோம். டிஸ்க்கைக் கழற்ற முடியும் என்றால், கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் மெஷினைக் கொடுக்கலாம். கழற்ற முடியாது என்றால்? உங்கள் மனைவியின், மகளின் படங்கள், வீட்டுக் கல்யாண வீடியோக்கள், வங்கி விபரங்கள் எல்லாவற்றையும் தெரியாத ஒருவரின் மேசையில் ஒரு வாரம் வைத்துவிட்டு வருகிறீர்கள். எத்தனையோ நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அமானிதம் பேணுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பித்தான் நம் வீட்டு மானம் இருக்க வேண்டுமா? ஆசிரியர்கள் எங்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். எங்கள் லெப்டொப்பில் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் இருக்கின்றன. மாணவர்களின் புள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் வீட்டு விபரங்கள் இருக்கின்றன.

இன்னொன்று. சேமிப்பகம் போர்டோடு ஒட்டியிருந்தால், போர்ட் செத்தால் தரவும் சேர்ந்து போகலாம். மழையில் நனைந்தோ மின்னல் அடித்தோ போர்ட் எரிந்தாலும், கழற்றக்கூடிய டிஸ்க் தப்பியிருந்தால் அதை ஒரு யூ.எஸ்.பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் செருகி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஒட்டியதில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

நமது நாட்டில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, லெப்டொப் இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமளவில் 360ஐத் தொட்டது. லெப்டொப் என்பது டொலரில் வரும் பொருள். அன்று புதிது வாங்க முடியாமல் போன வீடுகளில் படிப்பைக் காப்பாற்றியது பழைய லெப்டொப்கள்தான். ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி போட்டதும், திறக்கவே பல நிமிடம் எடுத்த மெஷின்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்தன. செலவு புதிய லெப்டொப்பின் விலையில் சிறு பங்கு. கழற்ற முடிந்ததால்தான் அது நடந்தது. இன்று நாம் வாங்கிக் குவிக்கும் ஒட்டிய லெப்டொப்கள் அடுத்த நெருக்கடியில் நமக்கு அப்படி உதவாது.

வெளிநாடுகளில் மக்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லெப்டொப் விற்பவர், அதை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்ற புள்ளியைப் பத்துக்கு இத்தனை என்று விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. கையேடும் பாகங்களும் கருவிகளும் பாவனையாளருக்கும் வெளிக் கடைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி முதல், கையடக்கச் சாதனங்களின் பெற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. “ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை” என்பது போன்ற நிபந்தனைகளால் பயமுறுத்திய ஆறு கம்பனிகளுக்கு 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தி விற்பதை அது தடுக்கிறது. “பிறகு டிஸ்க் கூட்டலாம்” என்று சொல்லி, கூட்ட முடியாததை உங்கள் கையில் கொடுத்தால் பில்லோடு போய் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. திருத்தும் உரிமை என்று தனிச் சட்டம் வேண்டும் என்பதையும் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேட்போம். றோட்டும் கானும் மட்டுமா கேட்க வேண்டும்?

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. திறக்கக் கஷ்டமான லெப்டொப்பை நிதானமாகத் திறந்து டிஸ்க் மாற்ற நம் உயர்தரப் பிள்ளைகளுக்கும் முடியும். கவனிக்க வேண்டியவை இவை:

1. முதலில் தரவைப் பிரதி எடுங்கள். டிஸ்க்கில் “டிக் டிக்” சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஒன் பண்ண வேண்டாம். முக்கியமானதை முதலில் எடுங்கள்.

2. விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய லெப்டொப்களில் அது தானாகவே பூட்டியிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி எடுக்காமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் உள்ளே போக முடியாது.

3. உங்கள் மொடலின் சரியான பெயரை அடியில் பார்த்து, கம்பனியின் கையேட்டைத் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்.பி போன்றவை பல மொடல்களுக்குப் பிரிக்கும் முறையைப் படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதில் இருக்கும்.

4. ஒரு வெள்ளைத் தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதே இடத்தில் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் கட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் மேல் மூடியையோ போர்டையோ குத்திவிடும்.

5. கத்தி, இரும்பு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு மூடியை நெம்ப வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கார்ட் ஒன்று போதும். ஒரு மூலையில் தொடங்கி மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் வராவிட்டால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ மறைந்திருக்கிறது என்று அர்த்தம். பலம் காட்ட வேண்டாம்.

6. மூடி திறந்ததும் முதல் வேலை பெற்றரி இணைப்பைக் கழற்றுவது. பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

7. ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள். பலவற்றில் சிறு பூட்டு ஒன்று இருக்கும். அதை நகத்தால் தூக்கினால் கேபிள் தானாக வரும்.

8. வாங்கும் முன் வகையைச் சரிபாருங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் இருக்கிறது, என்.வி.எம்.இயும் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். இரண்டரை அங்குல டிஸ்க் என்றால் தடிப்பையும் அளந்துகொள்ளுங்கள். 7 மில்லிமீற்றர் போகும் இடத்தில் 9.5 போகாது.

9. கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். பலர் “அது பழுதுதானே” என்று கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். பழுதான டிஸ்க்கிலிருந்தும் படங்களை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் வீட்டுச் சொத்து.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தொழிலுக்கு எதிராக நாம் பேசவில்லை. உங்கள் தொழிலை அழிப்பதே இந்த ஒட்டிய லெப்டொப்கள்தான். எல்லாமே “போர்டை மாத்து, புதுசு வாங்கு” என்றாகிவிட்டால் திருத்துபவருக்கு ஊரில் என்ன வேலை? கராஜ் வைத்திருப்பவர் வெல்டிங் பண்ணிய டயரை ஆதரிப்பாரா? வாடிக்கையாளருக்கு வாங்கும்போதே உண்மையைச் சொல்லுங்கள். அவர் திருத்துவதற்கும் உங்களிடமே வருவார்.

கடைசியாக, லெப்டொப் வாங்கிக் கொடுக்கும் எல்லா அமைப்புகளிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் நாம் கேட்பது இவ்வளவுதான். விலை கேட்கும் கடிதத்தில் நான்கு வரி சேருங்கள். சேமிப்பகம் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெற்றரி தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும். பிரிக்கும் கையேடு வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத மொடலை, விலை குறைவென்றாலும் வாங்காதீர்கள். ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் உழைக்கும் லெப்டொப் கொடுப்பதை விட, நான்கு பிள்ளைகளுக்கு ஏழெட்டு வருடம் உழைக்கும் லெப்டொப் கொடுங்கள். அந்த நான்கும் பிறகு தம்பி தங்கைகளின் கைக்குப் போகும்.

வீட்டில் இருக்கும் லெப்டொப்பை இப்போதே திருப்பிப் பாருங்கள். மொடல் பெயரையும், டிஸ்க் மாற்ற முடிந்ததா இல்லையா என்பதையும் கீழே எழுதுங்கள். எது திறக்கும், எது திறக்காது என்று ஊருக்கு ஒரு பட்டியல் நாமே செய்வோம். அடுத்த முறை வாங்கப் போகிறவர் கடைக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பகிர்ந்துகொள்ளுங்கள். குறிப்பாக, இந்த வருடம் லெப்டொப் வாங்கும் குழுவில் இருப்பவர்களின் கண்ணில் படும்வரை பகிருங்கள்.